பையனை ஆடத்தானே அனுப்பினோம்

பத்தொன்பது வயதுப் பையனை ஒரு சீசனுக்கு லோனில் அனுப்புகிறோம். வாராவாரம் முதல் பதினொரு பேரில் இருப்பான் என்று வாங்கிக்கொள்ளும் கிளப் ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொள்கிறது. ஆகஸ்டில் ஆடுகிறான். செப்டம்பர் கடைசியில் பெஞ்சுக்குப் போகிறான். நவம்பரில் பெஞ்சிலும் பெயரைக் காணோம். மே மாதம் திரும்பி வந்தவனின் பக்கத்தைத் திறந்தால், போனபோது இருந்த அதே எண்கள். ஒன்றிரண்டு இறங்கியும் இருக்கின்றன. வளர வேண்டிய வயதில் ஒரு வருஷம் போய்விட்டது. கால்பந்து மேனேஜர் கேம் ஆடுகிற யாரைக் கேட்டாலும் அவரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். சொல்லிவிட்டு அடுத்த சீசனுக்குப் போய்விடுவார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

இந்த வகைக் கேம்களை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பாஸ், டேக்கிள், வேகம், முடிவெடுக்கும் திறன் என்று 1 முதல் 20 வரை மதிப்பெண்கள் உண்டு. அவற்றுக்கு அடியில், நம் கண்ணுக்குக் காட்டாமல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அவனுடைய இன்றைய திறன். மற்றொன்று அவன் எட்டக்கூடிய உச்சம். இரண்டுமே 200க்கு அளக்கப்படுபவை. பதினேழு வயதில் இன்றைய திறன் 90, உச்சம் 160 என்று ஒரு பையன் கிடைத்தால் அந்தக் கிளப்புக்கு அது பெரிய கொடுப்பினை. ஆனால் 160 அவனுக்குத் தானாக வந்து சேராது. பயிற்சி மைதானத்தின் தரம், கோச்சுகளின் தரம், அவனுடைய சுபாவம், அடிபடாமல் இருப்பது என்று எத்தனையோ சேர வேண்டும். பதினெட்டைத் தாண்டியபின் எல்லாவற்றையும்விட முக்கியம் ஆடும் நிமிடங்கள். அதுவும் அண்டர்-21 ஆட்டத்து நிமிடங்கள் போதாது. புள்ளிக்காக இரண்டு அணிகளும் முட்டி மோதும் லீக் ஆட்டத்து நிமிடங்கள் வேண்டும். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுக்குள் இடைவெளியின் பெரும்பகுதி நிரம்பாவிட்டால் பிறகு நிரம்புவது அரிது. நம் அணியில் அவன் இடத்திலோ இருபத்தேழு வயதில், ஆட்டத்தின் உச்சத்தில் ஒரு தேசிய அணிக்காரர் நிற்கிறார். அவரை உட்கார வைத்துப் பையனை இறக்கினால் நம் வேலை போகும். ஆகவேதான் லோன்: கொஞ்ச காலம் அவனை இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுப்பது.

லோன் பேச்சுவார்த்தைத் திரையில் கேட்பதற்கு எத்தனையோ இருக்கிறது. சம்பளத்தில் அவர்கள் எத்தனை சதவீதம் தருவது, மாதக் கட்டணம் எவ்வளவு, பையன் எந்த இடத்தில் ஆட வேண்டும், எந்தப் பொறுப்பில் ஆட வேண்டும், அணியில் அவனுக்கு என்ன அந்தஸ்து, ஆட வைக்காவிட்டால் எவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும், நடுவில் திரும்ப அழைக்கும் உரிமை உண்டா, முடிவில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டா. ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசி, ஒரு வழியாக முடித்துவிடலாம். முடிக்கும்போது பையனுக்கு நல்லது செய்துவிட்டோம் என்றே தோன்றும். ஆனால் கட்டங்கள் அனைத்தும் கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவில் உள்ளவை. பையனைக் களத்தில் இறக்கப்போவது ஒரு கோச். அந்தக் கோச்சிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு அந்தத் திரையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. என் ஆதங்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஒரு விங்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அவனைக் கேட்டு வாங்கிய கோச் 4-3-3 ஆடுபவர்; இடது விங்கில் ஆள் இல்லை; பையனை மனதில் வைத்தே கேட்டார். நவம்பரில் அணி தொடர்ந்து தோற்கிறது. கோச்சை வெளியேற்றுகிறார்கள். இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கில் இது அன்றாடச் செய்தி, கேமிலும் அப்படித்தான். புதிதாக வருபவர் மூன்று சென்டர் பேக்குகளை வைத்து ஆடுபவர். அவருடைய அமைப்பில் விங்கர் என்ற இடமே கிடையாது. ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது, அதில் ‘வழக்கமாக முதல் பதினொன்றில்’ என்ற வாசகமும் அப்படியே இருக்கிறது. பையன் மட்டும் எங்கும் இல்லை. ஆட வைக்காததற்காக மாதாமாதம் கூடுதல் பணம் வந்து சேர்கிறது. எனக்கு அந்தப் பணம் எதற்கு? பணம் வேண்டியிருந்தால் பையனை விற்றிருப்பேனே. புதிய கோச் வந்த அன்றே, ‘உங்கள் அமைப்பில் இவனுக்கு இடம் உண்டா, இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்’ என்று கேட்க ஒரு வழி இருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் ஜனவரி வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி வந்தாலும் வழி திறந்துவிடுவதில்லை. ஒருவர் ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவு பெறலாம், ஆனால் போட்டி ஆட்டங்களை இரண்டு கிளப்புகளுக்குத்தான் ஆடலாம் என்பது ஃபிஃபாவின் பொது விதி. ஆகஸ்டில் ஒரு லீக் கோப்பை ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் பையனுக்கு ஆசையாக வாய்ப்புக் கொடுத்திருந்தால் நம் கிளப் ஒன்று, லோன் கிளப் இரண்டு. கணக்கு முடிந்தது. ஜனவரியில் திரும்ப அழைத்து, அவனுக்கு உண்மையிலேயே இடமுள்ள மூன்றாவது கிளப்புக்கு அனுப்ப முடியாது. அழைத்து வந்து நம் பெஞ்சில் வைக்கலாம். அல்லது அங்கேயே அவர்கள் பெஞ்சில் விட்டுவைக்கலாம். விதியைக் குறை சொல்லவில்லை, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு விதி இருக்கும்போது, முதல் லோன் சரியான இடத்தில் அமைவது எவ்வளவு முக்கியம்! அதைச் சரியாக அமைக்க நமக்குத் தரப்படும் தகவலோ, ஒரு வாக்குறுதியும் சில நட்சத்திரக் குறிகளும்தான்.

முன்பு குறுகிய கால லோன் என்று ஒன்று இருந்தது. 1995இல் அலெக்ஸ் ஃபெர்குசன் பத்தொன்பது வயது டேவிட் பெக்கமை ஒரு மாதத்துக்குப் பிரெஸ்டன் நார்த் எண்டுக்கு அனுப்பினார். பிரெஸ்டன் அப்போது நான்காம் அடுக்கில் இருந்த அணி. ஐந்தே ஆட்டங்கள், இரண்டு கோல்கள். அவற்றில் ஒன்று கார்னரிலிருந்து நேரே வலைக்குள் போனது. ஒரு மாதம் முடிந்தது, திரும்பி வந்தார், ஏப்ரலில் பிரீமியர் லீக்கில் அறிமுகம். ஒரு மாதத்தில் ஒரு பையன் பெரியவர்களோடு ஆடத் தாங்குவானா என்பது தெரிந்துவிடுகிறது. பிடிக்கவில்லையென்றால் இழப்பும் ஒரு மாதம்தான். ஆட்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் டிரான்ஸ்ஃபர் விண்டோவுக்கு வெளியே இப்படி அவசர லோன் எடுக்கும் வழக்கம் இங்கிலாந்தின் லீக் கிளப்புகளுக்கு 2016-17 சீசனிலிருந்து இல்லாமல் போனது. கேமும் அதைப் பின்பற்றுகிறது. இன்று அனுப்பினால் குறைந்தது அரை சீசன். அரை சீசனைப் பணயம் வைக்கிறவருக்கு அதற்கேற்ற விவரம் தர வேண்டாமா?

நிஜத்தில் ஒரு லோன் எப்படி நல்லபடியாக அமைகிறது என்று பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிலிப் லாம். 2003இல் அவருக்குப் பத்தொன்பது வயது. பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். முதல் அணியில் வலது பின்புறத்தில் வில்லி சாக்னோல், இடது பின்புறத்தில் பிசெண்ட் லிசராசு. இருவரும் பிரான்ஸ் தேசிய அணிக்காரர்கள். இருவரையும் தாண்டி உள்ளே போக வழியில்லை. லாமின் உயரம் 1.70 மீட்டர். பார்த்தவுடன் ‘இவன் சின்னப் பையன்’ என்று தள்ளிவிடக்கூடிய உருவம். ஆனால் இரண்டாம் அணியின் கோச் ஹெர்மன் கெர்லாண்ட் பையனை நாள்தோறும் பார்த்தவர். அவனுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவர். அவர்தான் ஸ்டுட்கார்ட்டின் கோச் ஃபெலிக்ஸ் மகாத்திடம் லாமைப் பரிந்துரைத்தார். இரண்டு வருஷ லோன்.

ஸ்டுட்கார்ட்டில் வலது பின்புறத்தில் ஏற்கெனவே ஆண்ட்ரியாஸ் ஹிங்கல் இருந்தார். கேமில் நான் என்ன செய்திருப்பேன்? பையன் வலது பின்புறத்துக்காரன், ஆகவே அந்த இடத்தைக் கட்டத்தில் குறித்துவிட்டு அனுப்பியிருப்பேன். ஹிங்கலுக்குப் பின்னால் அவன் இரண்டு வருஷம் உட்கார்ந்திருப்பான். மகாத்தோ லாமை இடது பக்கத்துக்கு மாற்றினார். வலது காலால் ஆடுபவர், இடது பின்புறத்தில். அந்த சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக் ஆடினார். 2004 பிப்ரவரியில் ஜெர்மனி அணிக்கு அறிமுகமானார், கோடையில் யூரோ ஆடினார், இரண்டும் லோனில் இருக்கும்போதே. இரண்டு வருஷம் கழிந்து 2006 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, இடது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து வலது காலால் மூலைக்கு வளைத்து அடித்தாரே, அந்தக் கோல் ஸ்டுட்கார்ட்டில் கிடைத்த இடத்திலிருந்து வந்தது. 2014இல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய கேப்டனும் அவர்தான். லோனின் முடிவில், 2005 மே மாதத்தில், அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்ல லோனிலும் அது நடக்கும். அதற்காக நான் யாரோடும் சண்டை போட மாட்டேன்.

இந்தக் கதையில் பையனை அறிந்த ஒரு கோச் இருக்கிறார்; பையனை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசித்த இன்னொரு கோச் இருக்கிறார்; இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. கேமில் இரண்டாம் அணிக்கு நான் நியமித்த கோச் இருக்கிறார். அவருக்கு வேலைநெறி, உற்சாகமூட்டும் திறன், இளைஞர்களோடு பழகும் திறன் என்று தனித்தனி மதிப்பெண்கள் உண்டு. அவர் தன் பையனுக்காக இன்னொரு கோச்சிடம் போய் நிற்கவே மாட்டார். ‘லோன் மேனேஜர்’ என்று ஒரு பதவியும் உண்டு. அவரை வைத்தால் யாரை எங்கே அனுப்பலாம் என்று பட்டியல் போடுவார், ஆட்டங்களை எண்ணுவார். நிஜத்தில் செல்சி கிளப்பில் எடி நியூட்டன் இந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தார். அதே கிளப்புக்காக ஆடியவர், 1997 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கோல் அடித்தவர். அப்படிப்பட்டவர் போய்ப் பார்ப்பதும் பேசுவதும்தான் வெளியூரில் தனியாகக் கிடக்கும் பையனுக்கு ஆதரவு. கேமின் லோன் மேனேஜர் எங்கும் போவதில்லை.

வருவதெல்லாம் ஓர் அறிக்கை. இத்தனை ஆட்டம், இத்தனை கோல், சராசரி 6.7, பயிற்சி பரவாயில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கன்றை வாரத்துக்கு வளர்க்கக் கொடுத்தவர்கள்கூட அந்த வழியாகப் போகும்போது தொழுவத்தில் எட்டிப் பார்த்து, விலா தெரிகிறதா, தீனி சரியாக இருக்கிறதா என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்குப் பையன் ஏன் ஆடவில்லை என்பதே தெரிவதில்லை. பயிற்சியில் சோம்பலா? அவனைவிட நல்லவர் ஒருவர் திரும்ப வந்துவிட்டாரா? அணி கீழிறங்கும் பயத்தில் கோச் அனுபவசாலிகளை மட்டும் நம்புகிறாரா? இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நான் செய்ய வேண்டியது வேறு வேறு. சோம்பல் என்றால் பையனிடம் பேச வேண்டும். போட்டி என்றால் பொறுத்திருக்கலாம். பயம் என்றால் திரும்ப அழைக்க வேண்டும். அறிக்கையில் மூன்றும் ஒரே மாதிரி, பூஜ்யம் என்றே தெரிகின்றன.

எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஹாரி கேன் என்ற பெயர் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 2011 ஜனவரியில் பதினேழு வயதில் லேட்டன் ஓரியண்டுக்கு லோன். 2012இன் முற்பாதியில் மில்வால். இரண்டாம் அடுக்கிலிருந்து விழாமல் தப்பிக்கப் போராடிய அணி, அங்கே 9 கோல். அடுத்த சீசனில் நாரிச். போன சில வாரங்களில் பாத எலும்பு முறிவு, ஒரு கோல்கூட இல்லை. பிறகு லெஸ்டர், பல ஆட்டங்களில் பெஞ்ச். அந்த 2013 கோடையில் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்க்கிற கேம் மேனேஜர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விற்பனைப் பட்டியலில் போட்டிருப்பார்கள். ஆனால் அவருடைய சொந்தக் கிளப்பான டோட்டன்ஹாமில் டிம் ஷெர்வுட் இருந்தார். முன்பு அந்தக் கிளப்பின் இளையவர்களின் வளர்ச்சியைக் கவனித்துக்கொண்டவர் அவர். 2013 டிசம்பரில் தலைமைக் கோச் ஆனார். 2014 ஏப்ரலில் கேனுக்குப் பிரீமியர் லீக்கில் முதன்முதலாக ஆரம்பப் பதினொன்றில் இடம் கொடுத்தார். அடுத்த சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 31 கோல். இளைய அணிக் காலத்திலிருந்தே அவரைப் பார்த்த கண் ஒன்று அங்கே இருந்தது. கேமில் அந்தக் கண் நாமாகத்தான் இருக்க வேண்டும். நாம் பார்க்க முடிகிற தூரத்தில் பையன் இல்லையே!

இங்கே ஒரு சாரார் என்னோடு வாதாடுவார்கள். ‘ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன, முப்பது பேரை வாங்கி முப்பது இடத்துக்கு அனுப்பு, நாலு பேர் தேறினால் விற்றுக் காசாக்கு, மற்றவர்களை விட்டுவிடு’ என்பது அவர்கள் வழி. கேமில் அது பலன் தருகிறது என்பதே எனக்குக் கோபம். நிஜத்திலும் இப்படி நடந்தது. 2018-19 சீசனில் செல்சியிலிருந்து மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே லோனில் இருந்தார்கள். பிரேசிலிலிருந்து பதினெட்டு வயது முடியும் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்ட லூக்காஸ் பியாசோன், மலாகா, விட்டெஸ்ஸே, ஃபிராங்க்ஃபர்ட், ரெடிங், ஃபுல்ஹாம், கியேவோ, ரியோ ஆவே என்று ஊர் ஊராகச் சுற்றினார். 2021 ஜனவரியில் நிரந்தரமாக விலகியபோது செல்சிக்காக ஆடியிருந்தது மொத்தம் மூன்று ஆட்டம். குரோஷியாவின் கோல்கீப்பர் மாதேய் டெலாச் 2010 முதல் 2018 வரை அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர். ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. எட்டு வருஷம்! ஒரு கோல்கீப்பரின் இருபதுகளில் பாதிக்கு மேல். இவற்றை எல்லாம் ‘லோன் படை’ என்று பெருமையாகப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை.

ஃபிஃபா கடைசியில் தலையிட்டது. 2022 ஜூலை முதல் ஒரு கிளப் சர்வதேச லோனில் அனுப்பக்கூடியவர்கள் 8 பேர், பெறக்கூடியவர்களும் 8 பேர். அடுத்த வருஷம் 7. 2024 ஜூலையிலிருந்து 6. லோனில் போனவரை அங்கிருந்து மறுபடி லோனில் அனுப்பக் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே ஒப்பந்தத்தில் நீட்டக் கூடாது. இருபத்தொரு வயதுக்கு மேற்படாத, அந்தக் கிளப்பிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் இந்த எண்ணிக்கையிலிருந்து விலக்கு. நல்ல விதி, கேமிலும் வந்திருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் இது குவிப்பவர்களுக்குப் போட்ட கடிவாளம். ஒரே ஒரு பையனை, யோசித்து, மனமார அனுப்புகிறவருக்கு இந்த விதியால் எந்த உதவியும் இல்லை. அவனுடைய ஆட்ட நிமிடங்களுக்கு ஃபிஃபாவும் பொறுப்பேற்கவில்லை, கேமும் பொறுப்பேற்கவில்லை.

இதில் இன்னொரு வலியும் ஒளிந்திருக்கிறது. சாம்பியன்ஸ் லீக்குக்கான 25 பேர் பட்டியலில் 8 இடங்கள் உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு. அவற்றில் 4 இடங்களை அதே கிளப்பில் வளர்ந்தவர்களைக் கொண்டுதான் நிரப்ப முடியும். பதினைந்து வயதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் மூன்று முழு சீசன்கள், அல்லது 36 மாதங்கள், அந்தக் கிளப்பில் பதிவு பெற்றிருந்தால்தான் ஒருவன் அங்கே வளர்ந்தவன். லோனில் போகும்போது பதிவும் கூடவே போகிறது. பதினெட்டில் வந்த பையனை வளரட்டும் என்று இரண்டு சீசன் வெளியே அனுப்பினால், அவன் ஆடாமலும் திரும்புவான், நம் கிளப்பில் வளர்ந்தவன் என்ற தகுதியையும் இழந்து திரும்புவான். இரண்டையும் ஒருசேரப் பறிகொடுத்தபோது எனக்கு அன்றைக்கு அந்தத் திரையைத் தொடவே மனம் வரவில்லை.

நன்றாக ஆடித் திரும்பியவனுக்கும் இடம் இருந்தால்தான் லோனுக்கு அர்த்தம். கெவின் டி பிராய்ன 2012-13இல் வெர்டர் பிரேமனில் லீக்கில் 10 கோல் அடித்துவிட்டுச் செல்சிக்குத் திரும்பினார். அடுத்த ஜனவரியிலேயே வுல்ஃப்ஸ்பர்க்குக்கு விற்றுவிட்டார்கள். அவர் பிறகு என்ன ஆனார் என்பது மான்செஸ்டர் சிட்டியின் பத்து வருஷ வரலாறு. அதே செல்சியில் மேசன் மவுண்ட் 2017-18இல் விட்டெஸ்ஸேயில் ஆடினார், அடுத்த வருஷம் டெர்பியில் ஃபிராங்க் லாம்பார்டின் கீழ் ஆடினார். 2019 கோடையில் ஆள் வாங்கக் கூடாது என்ற தடை கிளப்பின் மேல் இருந்தது. லாம்பார்டே கோச்சாக வந்தார். டெர்பியில் தன்னோடு இருந்த மவுண்டும் டொமோரியும், விகனிலிருந்து ரீஸ் ஜேம்ஸும், ஆஸ்டன் வில்லாவிலிருந்து டேமி ஏப்ரஹாமும் ஒரே வருஷத்தில் முதல் அணிக்குள் வந்துவிட்டார்கள். 2021 மே மாதம் போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியை முடித்த ஒரே கோலுக்கு ஹாவர்ட்ஸிடம் பந்தைக் கொடுத்தது மவுண்ட். தடை வந்திராவிட்டால் இவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள்? லோனில் இருந்தபோது அவர்களில் இருவரைத் தினமும் பார்த்த ஒரு மனிதர் கோச்சாக வந்ததும், வேறு வழி இல்லாமல் போனதும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறந்தன. கேமில் என்னிடம் நிதியும் இருக்கும், ஸ்கவுட்டுகள் கொண்டுவரும் வெளியாட்களின் பட்டியலும் இருக்கும். அப்படி இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் லோனிலிருந்து வரும் பையனுக்காக ஓர் இடத்தைக் காலியாகவே வைக்கிறேன். அந்த இடத்தில் நிற்கும் தகுதியோடு அவனைத் திருப்பித் தாருங்கள் என்பதுதான் நான் கேட்பது.

பெரிய மாற்றம் ஒன்றும் வேண்டாம். வாங்கும் கிளப்பின் கோச்சிடம், கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்க இடம் கொடுங்கள். கோச் மாறினால் பத்து நாளுக்குள் லோனை முறித்துக்கொள்ளும் உரிமையைக் கட்டங்களில் ஒன்றாகச் சேருங்கள். டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடியிருந்தால் பையன் நம்மிடமே வந்து பயிற்சி செய்யட்டும். அதுகூடப் பெஞ்சில் இல்லாமல் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதைவிட மேல். ஏன் ஆடவில்லை என்பதற்கு அறிக்கையில் ஒரு வரி. இரண்டாம் அணிக் கோச் மாதம் ஒருமுறை நேரில் போய் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, தன் வாயால் சொல்லட்டும். பையனுக்கும் ஒரு வாய் வேண்டும். எங்கே போக விருப்பம், யாரிடம் போகப் பயம், வீட்டை விட்டு இத்தனை தூரம் போவானா என்று அவனிடம் கேட்க வேண்டும். பத்தொன்பது வயதுக்காரன் அவன். இந்தக் கேம்களில் பத்திரிகையாளர் சந்திப்புக்கு எத்தனை கேள்விகள், எத்தனை பதில்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்! வாராவாரம் அதே கேள்விகளுக்கு அதே பதில்களைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த உழைப்பில் ஒரு பங்கு இந்தப் பக்கம் வந்திருந்தால் போதும்.

இப்போது என் அணியில் பதினெட்டு வயது நடுக்களக்காரன் ஒருவன் இருக்கிறான். பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கிறவன். மூன்று கிளப்புகள் லோனுக்குக் கேட்டிருக்கின்றன. மூன்றும் வாராவாரம் ஆட வைப்பதாகச் சொல்கின்றன. அவற்றில் ஒரு கிளப்பின் நடுக்களக்காரர் முழங்காலில் அடிபட்டுப் படுத்திருக்கிறார், டிசம்பரில் திரும்பி விடுவார் என்று ஸ்கவுட் குறிப்புச் சொல்கிறது. அவர் திரும்பி வந்ததும் இவனை எங்கே வைப்பீர்கள் என்று அந்தக் கோச்சிடம் கேட்க வேண்டும். விண்டோ மூட இன்னும் நான்கு நாள் இருக்கிறது, கேட்க வழி இல்லை. ஆகவே இந்தத் தடவை யாருக்கும் கொடுக்கவில்லை. லீக் கோப்பை ஆட்டங்களிலும், ஆட்டம் கைக்குள் வந்துவிட்ட கடைசி இருபது நிமிடங்களிலும் நானே இறக்கப்போகிறேன். அவனுக்கு அது போதாது, எனக்கும் தெரியும்.